பொய்க்கு முகம் இல்லை

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

மதிப்பெண் பட்டியலை ஒளித்துவைத்த மகனிடம் அப்பா இப்படிச் சொல்கிறார். கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்த அன்று கடைப்பையனிடம் முதலாளி சொல்கிறார். திருட்டு வழக்கில் பிடித்துவந்தவனிடம் ஆய்வாளர் சொல்கிறார். மூன்று பேருக்கும் ஒரே நம்பிக்கை: பொய் சொல்கிறவனால் எதிராளியின் கண்ணைச் சந்திக்க முடியாது.

இது நம்மூர் நம்பிக்கை மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் பாண்ட், பல நாட்டு ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு 75 நாடுகளில், 43 மொழிகளில் மக்களிடம் விசாரித்தார். ஒருவர் பொய் சொல்வதை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்பதுதான் கேள்வி. 2006இல் முடிவுகள் வெளியாயின. மொழி மாறியது, மதம் மாறியது, பதில் மட்டும் மாறவில்லை. 'கண்ணைப் பார்க்க மாட்டார்கள்' என்பதே உலகெங்கும் முந்தி நின்றது. அதற்குப் பின்னால் நெளிவது, கையைப் பிசைவது, திக்குவது, வேர்ப்பது எல்லாம் வரிசைகட்டின.

பட்டியல் பழையதுதான். அரசனுக்கு விஷம் வைத்தவனை எப்படி அடையாளம் காண்பது என்று அர்த்தசாஸ்திரம் சொல்கிறது: முகம் வாடிக் கறுத்திருக்கும், பேச்சு தடுமாறும், வேர்க்கும், உடல் நடுங்கும், கால் இடறும், பார்வை நாலாபக்கமும் அலையும், ஓரிடத்தில் நிலைகொள்ள மாட்டான். இன்று 'பொய்யரைக் கண்டுபிடிக்க ஏழு வழிகள்' என்று யூடியூபில் வரும் காணொளிகள் இதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

இவ்வளவு காலம், இவ்வளவு பேர் நம்பிய பட்டியல் சரியா? கடந்த ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இதைச் சோதித்துவிட்டன. சரியில்லை என்பதுதான் பதில்.

பூவா தலையா

இந்தச் சோதனைகளின் அடிப்படை எளிது. சிலரை உண்மை பேசச் சொல்கிறார்கள், சிலரைப் பொய் பேசச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்கள். யார் எது பேசினார் என்று தெரியாத பார்வையாளர்களிடம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, பொய்யா மெய்யா என்று கேட்கிறார்கள். உண்மையும் பொய்யும் பாதிக்குப் பாதி இருக்கும். ஆகவே படத்தைப் பார்க்காமலே காசைச் சுண்டிப் பதில் எழுதினாலும் 50% சரியாக வந்துவிடும்.

இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, 24,000க்கும் அதிகமானோர் அளித்த தீர்ப்புகளை சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல் ஒன்றாகக் கணக்கிட்டார்கள். சராசரியாக 54% சரி. காசு சுண்டுவதைவிட நான்கு புள்ளி கூடுதல், அவ்வளவுதான். அந்த நான்கைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரிகிறது. உண்மையை உண்மை என்று சரியாகச் சொன்னது 61%. பொய்யைப் பொய் என்று சரியாகச் சொன்னது 47%. அதாவது மனிதர்கள் இயல்பாகவே எதிராளியை நம்பும் பக்கம் சாய்கிறார்கள். நம்பாமல் ஒரு நாள் பொழுதை ஓட்ட முடியாது என்பதால் அந்தச் சாய்வில் நியாயம் இருக்கிறது. பொய் சொல்கிறவர்கள் பிழைப்பதும் அந்தச் சாய்வில்தான்.

சாதாரண ஆட்களுக்கு இது வராமல் இருக்கலாம், பழுத்த போலீஸ்காரருக்கு வருமே என்று தோன்றும். அதையும் சோதித்தார்கள். காவல்துறையினர், நீதிபதிகள், சுங்க அதிகாரிகள், மனநல மருத்துவர்கள் எனப் பார்த்ததில், மொத்தக் கணக்கில் அவர்களும் கல்லூரி மாணவர்கள் நிற்கும் இடத்திலேயே நின்றார்கள். அனுபவம் கூட்டியது தன்னம்பிக்கையை மட்டும்தான். 'எனக்கு நிச்சயமாகத் தெரியும்' என்று ஒருவர் சொல்வதற்கும் அவர் சரியாகச் சொல்வதற்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை.

பார்க்கிறவர்களை விட்டுவிட்டுப் பொய் சொல்கிறவர்களின் பக்கம் வருவோம். அவர்கள் உடலில் அடையாளம் இருந்தால்தானே பார்க்கிறவர் கண்ணில் படும்? 2003இல் டிபாலோவும் அவரது குழுவினரும் 158 அடையாளங்களை எடுத்துக்கொண்டு, அதுவரை வந்த ஆய்வுகளில் ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று அலசினார்கள். பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை, அல்லது இருந்தும் இல்லாத அளவுக்கு மெலிதாக இருந்தது. உலகமே முதலிடம் கொடுத்த பார்வைத் தவிர்ப்பு தேறவில்லை. இருக்கையில் நெளிவதும் தேறவில்லை. ஓரளவு தாக்குப்பிடித்தவற்றில் பல பேச்சைச் சேர்ந்தவை. பொய்க் கதைகளில் விவரம் குறைவாக இருந்தது, சொன்னது அவ்வளவாகப் பொருந்தவில்லை, பேச்சில் ஒட்டுதல் இல்லை.

விழி வலப்பக்கம் மேலே போனால் பொய், இடப்பக்கம் போனால் உண்மை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவதும் இப்படித்தான். 2012இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்தார்கள். விழியின் திசைக்கும் பொய்க்கும் எந்தச் சம்பந்தமும் தென்படவில்லை.

குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறோம். அதில் தவறில்லை. பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்தால் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரீனலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சிக்கல் எங்கே என்றால், இந்தப் பட்டியலில் பொய் என்ற சொல்லே இல்லை. உடல் காட்டுவது பயத்தை. அந்தப் பயம் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமா, செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படுவோமோ என்ற பயமா என்று வியர்வைத் துளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தெர்மாமீட்டர் 102 காட்டுகிறது என்றால் காய்ச்சல் என்று தெரியும், டெங்குவா டைபாய்டா என்று தெரியாது. உடல்மொழியும் அந்த வகைதான்.

பழைய இந்தியாவில் சந்தேகத்துக்கு ஆளானவர்களை அரிசி மென்று துப்பச் சொல்லும் தெய்வச் சோதனை உண்டு. பயத்தில் எச்சில் வற்றும் என்பது சரியான கவனிப்பு. ஆனால் ஊர் கூடி நிற்க, நடுவில் நிறுத்தி, அரிசியைக் கையில் கொடுத்தால் யோக்கியனுக்கும் வாய் உலரும்.

1921இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஜான் லார்சன் என்ற காவல் அதிகாரி உருவாக்கிய பாலிகிராஃப் கருவியும் இந்த அரிசியின் வாரிசுதான். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு ஆகியவற்றை அது தாளில் கோடுகளாக வரைந்தது. கோடுகளில் பொய்யைப் படித்தது மனிதர்கள். அமெரிக்க உளவுத்துறைக்குள் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986இலும் 1991இலும் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்து இரண்டு முறையும் தேறிவிட்டார். 1994இல் கைதானார். ஊழியர்களைச் சலித்தெடுக்கப் பாலிகிராஃபை நம்ப முடியாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமிகளின் ஆய்வுக்குழு 2003இல் அறிக்கை தந்தது.

பயம் ஒருபுறம் இருக்க, பழக்கவழக்கமும் குறுக்கே வருகிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் கண்டிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வது மரியாதை. அதே பெரியவர் "கீழே என்ன பார்வை, என்னைப் பார்த்துப் பேசு" என்பார். நிமிர்ந்து பார்த்தால் "என்ன முறைக்கிறே?" என்பார். காவல் நிலையத்தில் நிற்கும் ஏழைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது பார்வை எதுவும் இல்லை.

செய்யாத தவறுக்கு விசாரிக்கப்படுகிறவரின் கலக்கத்தைக் குற்ற உணர்வாகப் படித்துவிடுவதற்கு பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 'ஒதெல்லோ பிழை' என்று பெயரிட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் டெஸ்டிமோனா அழுகிறாள். தன்னை நம்ப மறுக்கும் கணவனின் கோபத்தைப் பார்த்து எழுந்த பயம் அது. ஒதெல்லோ அதில் கள்ளத்தனத்தைக் கண்டான், கொன்றும் விட்டான். நாடகத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

உலுருவில் ஒரு தாய்

1980 ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியாவின் நடுவே செம்மண் வெளியில் எழுந்து நிற்கும் உலுரு பாறைக்கு அருகே சுற்றுலாப் பயணிகள் கூடாரமடித்திருந்தார்கள். மவுண்ட் ஐசா நகரிலிருந்து வந்திருந்த மைக்கேல் சேம்பர்லின் ஒரு பாதிரியார். மனைவி லிண்டி, இரண்டு மகன்கள், ஒன்பது வாரப் பெண் குழந்தை அசாரியா. இருட்டிய பிறகு குழந்தையைக் கூடாரத்தில் தூங்கவைத்துவிட்டு, சமைக்கும் இடத்துக்கு லிண்டி திரும்பினார். கொஞ்ச நேரத்தில் கூடாரத்திலிருந்து குழந்தையின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தார். டிங்கோ எனப்படும் காட்டுநாய் கூடாரத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. குழந்தையை டிங்கோ கொண்டுபோய்விட்டது என்று அலறினார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, இரத்தக்கறை படிந்த ஆடை மட்டும் கிடைத்தது.

லிண்டி சொன்னதற்குச் சான்றுகள் இருந்தன. அருகில் இருந்த இன்னொரு பெண்ணும் குழந்தையின் அழுகையைக் கேட்டிருந்தார். தடம் பார்ப்பதில் கைதேர்ந்த பழங்குடியினர் மணலில் டிங்கோவின் காலடிகளைக் கண்டார்கள். முதல் மரண விசாரணையை நடத்திய டெனிஸ் பாரிட், 1981 பிப்ரவரியில் பெற்றோர் மீது குற்றமில்லை என்று தொலைக்காட்சி நேரலையிலேயே அறிவித்தார்.

நாடு ஏற்கவில்லை. நாடு வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிப் பேட்டிகளில் லிண்டி கதறவில்லை. நடந்ததை நிதானமாக, விவரமாகச் சொன்னார். நீதிமன்றத்துக்கு நேர்த்தியாக உடுத்திவந்தார். பத்திரிகைகள் அவர் உடையைப் பற்றி எழுதின. பெற்ற தாய் இப்படியா இருப்பாள் என்று வரவேற்பறைகளில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால் நரபலி என்றுகூட வதந்தி கிளம்பியது. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சம் என்று முடிவுகட்டிய கூட்டத்துக்கு முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. காருக்குள் சிசுவின் இரத்தம் தெளித்திருக்கிறது என்று தடயவியல் நிபுணர் சாட்சி சொன்னார். லிண்டிக்கு ஏன் கொல்லத் தோன்றியது என்று அரசுத் தரப்பு ஒரு காரணமும் சொல்லவில்லை. 1982 அக்டோபர் 29 அன்று டார்வின் நகர நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. அடுத்த மாதம் பிறந்த பெண் குழந்தையைச் சிறை வாழ்க்கை அவரிடமிருந்து பிரித்தது.

குழந்தை வெளியே ஒரு மேல்சட்டை போட்டிருந்தது என்று லிண்டி முதலிலிருந்தே சொல்லிவந்தார். கிடைத்த ஆடையில் டிங்கோவின் எச்சில் இல்லாததற்கு அதுதான் விளக்கம். அப்படி ஒரு சட்டையே கிடையாது என்றது அரசுத் தரப்பு. 1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு பயணியின் உடலைத் தேடப் போனவர்கள், டிங்கோக்கள் வாழும் பகுதியில் மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு சின்னஞ்சிறு மேல்சட்டையைக் கண்டெடுத்தார்கள். சில நாட்களில் லிண்டி விடுதலையானார். காருக்குள் இருந்த 'சிசு இரத்தம்' என்பது இரைச்சலைக் குறைக்கத் தொழிற்சாலையில் அடித்த பூச்சு என்று தெரியவந்தது. 1988இல் தீர்ப்பு ரத்தானது. அசாரியாவைக் கொன்றது டிங்கோதான் என்று 2012 ஜூன் 12 அன்று எலிசபெத் மாரிஸ் என்ற மரண விசாரணை அதிகாரி அதிகாரப்பூர்வமாகப் பதிவுசெய்தார். குழந்தை போய் ஏறக்குறைய 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

லிண்டியைச் சிறைக்கு அனுப்பியது தவறான தடயவியல்தான். ஆனால் அந்தத் தடயவியலைக் கேள்வி கேட்காமல் நம்பும் மனநிலைக்கு நாட்டைக் கொண்டுவந்ததில் அவரது அழாத முகத்துக்குப் பெரிய பங்குண்டு. கேட்ட அழுகையும் மணலில் பதிந்த தடமும் கையில் இருந்தபோது, தொலைக்காட்சியில் தெரிந்த முகம் எடை கூடிப்போயிற்று.

நொடிக்குள் மறையும் பாவம்

உடல்மொழியின் ஆதரவாளர்கள் இங்கே எக்மனின் பெயரைச் சொல்வார்கள். முகபாவங்களை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். அடக்கிவைத்த உணர்ச்சி, அரை நொடிக்கும் குறைவாக முகத்தில் மின்னி மறையும் என்று அவர் விளக்கினார். அதற்கு மைக்ரோ எக்ஸ்பிரஷன், அதாவது நுண்பாவம் என்று பெயர். அதை வைத்து 2009இல் 'லை டு மீ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரே வந்தது. அதன் நாயகன் புருவம் துடிப்பதைப் பார்த்தே வழக்கை முடித்துவிடுவான்.

எக்மன் அவ்வளவு தூரம் போகவில்லை. பொய்க்கென்று தனியான அடையாளம் இல்லை, மறைத்த உணர்ச்சிதான் கசிகிறது, அதை ஏன் மறைத்தார் என்று மேலும் விசாரிக்க வேண்டும் என்றே அவரும் சொன்னார். அந்தக் கசிவும் எவ்வளவு அரிது என்று கனடாவில் ஸ்டீபன் போர்ட்டரும் லியான் டென் பிரிங்கும் 2008இல் கணக்கெடுத்தார்கள். உணர்ச்சியைத் தூண்டும் படங்களைக் காட்டி, சிலரை உள்ளது உள்ளபடியும் சிலரை நடித்தும் முகபாவம் காட்டச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஃப்ரேம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 697 முகபாவங்களில் நுண்பாவம் தென்பட்டது 14இல். வெறும் 2%. அவையும் முகத்தின் மேல்பாதியிலோ கீழ்ப்பாதியிலோதான். உணர்ச்சியை மறைக்காதவர்களிடமும் சில தென்பட்டன.

ஆய்வகத்தில் தேறாதது விமான நிலையத்தில் நடைமுறையாயிற்று. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை, பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் பார்த்தே ஆபத்தானவர்களைப் பிரிக்கும் திட்டத்தை 2007இல் பெரிய அளவில் தொடங்கியது. சுமார் 3,000 அதிகாரிகள், 176 விமான நிலையங்கள். 2013இல் அரசின் தணிக்கை அமைப்பு கணக்குப் பார்த்தபோது 90 கோடி டாலர் செலவாகியிருந்தது. நடத்தையைப் பார்த்து வஞ்சகத்தைக் கண்டறியும் மனிதத் திறன் தற்செயலுக்குச் சமம், அல்லது அதைவிடச் சற்றே மேல் என்று எழுதிய தணிக்கையாளர்கள், இதற்கு இனி பணம் ஒதுக்குவதைக் கட்டுப்படுத்தும்படி பரிந்துரைத்தார்கள்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை

அப்படியானால் பொய்யைப் பிடிக்கவே முடியாதா? முடியும். கண்ணுக்குக் கொடுத்த வேலையைக் காதுக்குக் கொடுக்க வேண்டும்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மூத்த பேட்டியாளர் ராபின் டேயை வைத்து வைஸ்மன் ஒரு சோதனை நடத்தினார். அரசியல்வாதிகளை உலுக்கி எடுத்தவர் டே. இப்போது அவரே பதில் சொல்லும் நாற்காலியில். அவருக்குப் பிடித்த படம் எது என்று இரண்டு முறை கேட்டார்கள். ஒருமுறை 'கான் வித் த விண்ட்' என்று புகழ்ந்தார். இன்னொருமுறை 'சம் லைக் இட் ஹாட்' என்று சொல்லிச் சிலாகித்தார். ஒன்று உண்மை, ஒன்று பொய். அதே பேட்டி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது, வானொலியில் ஒலித்தது, நாளிதழில் அச்சானது. ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியில் தீர்ப்பளித்தார்கள். 1995இல் 'நேச்சர்' இதழில் வெளியான முடிவு இது: முகத்தைப் பார்த்த தொலைக்காட்சி நேயர்களில் 52% சரி. வெறும் எழுத்தை வாசித்தவர்களில் 64% சரி. குரலை மட்டும் கேட்ட வானொலி நேயர்களில் 73% சரி. 'கான் வித் த விண்ட்' பொய். ஒருவரே இரண்டு பேட்டி தந்த ஒற்றைச் சோதனை இது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் முகம் தெரிந்தவர்களே அதிகம் ஏமாந்தார்கள். 2016இல் கனடாவில் எமி-மே லீச்சும் குழுவினரும் செய்த ஆய்விலும், முகத்திரை அணிந்த சாட்சிகளின் பேச்சை மதிப்பிட்டவர்கள், திறந்த முகத்தைப் பார்த்தவர்களைவிட நன்றாகவே கணித்தார்கள். பார்க்க முகம் இல்லாதபோது சொல்லைக் கவனிக்கிறோம்.

இதை நம் பழமொழி எப்போதோ கண்டுகொண்டது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பையனை யாரும் கண்ணைப் பார்த்துப் பிடிக்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவன் பதில் சொன்னான், பிடிபட்டான்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் காவலர்கள் 99 பேரை வைத்து சமந்தா மான், ஆல்டெர்ட் ஃப்ரை ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. நிஜமான விசாரணைகளின் பதிவுகளைக் காவலர்களிடம் போட்டுக்காட்டினார்கள். 65% அளவுக்குக் கணித்தார்கள். ஆய்வகச் சராசரியைவிட மேல். அவர்களுள் கெட்டிக்காரர்கள் யார் என்று பார்த்தபோது, சொன்ன கதையைக் கவனித்தவர்கள் என்று தெரிந்தது. பார்வையைத் தவிர்க்கிறான், நெளிகிறான் என்று காரணம் சொன்னவர்களே மோசமாகத் தவறினார்கள்.

பொய் சொல்வது மூளைக்கு வேலை. நடக்காததைக் கட்ட வேண்டும், முன்பு சொன்னதை நினைவில் வைக்க வேண்டும், எதிராளி நம்புகிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தச் சுமையைக் கொஞ்சம் கூட்டினால் கட்டடம் ஆடும் என்பதே ஃப்ரையின் அணுகுமுறை. நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்லலாம். எதிர்பாராததைக் கேட்கலாம்.

2009இல் அவரும் சகாக்களும் செய்த சோதனை இதற்கு நல்ல சாட்சி. சில ஜோடிகள் நிஜமாகவே உணவகத்தில் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். வேறு சில ஜோடிகள் அந்த நேரத்தில் ஒரு பர்ஸிலிருந்து பத்து பவுண்டு எடுத்துவிட்டு, தாங்களும் சாப்பிடப் போனதாகக் கதை தயார்செய்துகொண்டார்கள். தனித்தனியாக விசாரித்தபோது, என்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விகளுக்கு இரு தரப்பும் அழகாகப் பதில் சொன்னது. பிறகு, நீங்கள் உட்கார்ந்த மேசை எங்கே இருந்தது, நண்பர் எந்தப் பக்கம் அமர்ந்தார், வரைந்து காட்டுங்கள் என்றார்கள். சாப்பிட்டவர்களின் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. கதை கட்டியவர்கள் இந்தக் கேள்விக்குப் பேசிவைத்திருக்கவில்லை. ஒருவர் சன்னலோரம் வரைந்தால் மற்றவர் கதவோரம் வரைவது போலாயிற்று. படங்களை ஒப்பிட்டே ஐந்தில் நான்கு ஜோடிகளை இனம் பிரிக்க முடிந்தது. ஒருவர் முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை.

விமான நிலையத்திலும் இதே பாடம்தான். தாமஸ் ஆர்மரோடும் கோரல் டாண்டோவும் நிஜப் பயணிகளின் வரிசையில், பொய்க் கதையோடு போலிப் பயணிகளை அனுப்பினார்கள். நடத்தையில் சந்தேகக் குறி தேடிய அதிகாரிகள் அவர்களில் 5% பேரைக்கூடப் பிடிக்கவில்லை. சகஜமாகப் பேச்சுக்கொடுத்து, சரிபார்க்கக்கூடிய சின்னச் சின்ன விவரங்களைக் கேட்கப் பயின்ற அதிகாரிகள் 66% பேரைப் பிடித்தார்கள்.

தீர விசாரித்தல்

கையில் சான்று இருக்கும்போது அதை எப்போது எடுத்து வைப்பது என்பதும் ஒரு கலை. எடுத்த எடுப்பில் "உன் கைரேகை அந்தப் பையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், குற்றவாளி அந்த ரேகைக்கு ஏற்றாற்போல் ஒரு கதை பின்னிவிடுவான். சான்றைக் காட்டாமல் முதலில் அவனைப் பேசவிட வேண்டும். அந்த அறைக்கே போகவில்லை, பையைத் தொடவே இல்லை என்று அவனாகச் சொன்ன பிறகு ரேகையை எடுத்து வைத்தால், தப்பிக்க வழி இருக்காது. குற்றமற்றவனுக்கு இதில் ஆபத்து குறைவு. மறைக்க எதுவும் இல்லாததால் பையைத் தொட்டதை அவனே சொல்லிவிடுவான். மரியா ஹார்ட்விக்கும் சக ஆய்வாளர்களும் சுவீடனில் காவல் பயிற்சி மாணவர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெறாதவர்கள் 56% அளவில் நின்றார்கள். பயிற்சி பெற்றவர்கள் 85% எட்டினார்கள்.

இங்கிலாந்து இதைப் பட்டுத்தான் கற்றது. கில்ட்ஃபர்ட் நால்வர், பர்மிங்ஹாம் அறுவர் வழக்குகளில் நிரபராதிகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியது அம்பலமான பிறகு, 1990களின் தொடக்கத்தில் விசாரணை முறையையே மாற்றியது. வாக்குமூலம் வாங்குவது இனி குறிக்கோள் இல்லை, தகவல் திரட்டுவதே குறிக்கோள் என்றது புதிய முறை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஹுவான் மெண்டஸின் பெயரில் 2021இல் வெளியான சர்வதேச நெறிமுறைகளும் அதே வழியைக் காட்டுகின்றன.

இந்தியாவில் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோடு கிழித்தது. பாலிகிராஃப், நார்கோ பகுப்பாய்வு, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக்கூடாது, அது அரசியலமைப்பின் 20(3), 21 ஆகிய கூறுகளை மீறுவதாகும் என்றது. சம்மதத்தோடு செய்தாலும் சோதனை முடிவு மட்டும் தனியாகச் சான்றாகாது. கருவிக்குக் கிழித்த கோடு கண்ணுக்கு இன்னும் கிழிக்கப்படவில்லை. சாட்சி சொல்பவரின் தோரணை குறித்து நீதிபதி குறிப்பெழுதலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு சொல்லிவந்தது. "பார்த்தாலே தெரிகிறது, இவன்தான் செய்திருப்பான்" என்ற சொல் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு காவல் நிலையத்திலும் பள்ளித் தலைமையாசிரியர் அறையிலும் மாமியார் வீட்டிலும் ஒலிக்கிறது.

உடல்மொழி பயனற்றது என்பது இதற்குப் பொருளல்ல. திருவள்ளுவர் குறிப்பறிதலுக்குப் பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். எதிரில் இருப்பவர் களைத்திருக்கிறாரா, சினந்திருக்கிறாரா, விரும்புகிறாரா என்று முகம் நிறையவே சொல்லும். நேற்று இரவு பத்து மணிக்கு அவர் எங்கே இருந்தார் என்பதை மட்டும் சொல்லாது.

ஆகவே, அடுத்த முறை வீட்டிலோ கடையிலோ அலுவலகத்திலோ ஒருவர் மேல் சந்தேகம் வந்தால், கண்ணைப் பார்த்துச் சொல் என்று அதட்டாதீர்கள். உட்காரவைத்து, நடந்ததை முழுவதும் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் எதிர்பார்க்காத, ஆனால் அங்கே இருந்திருந்தால் சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். சொன்னதில் சரிபார்க்க முடிந்ததைச் சரிபாருங்கள். சரிபார்க்க எதுவும் இல்லையென்றால், உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் நேர்மையான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் துணிவு இல்லாதவர்கள் யாரையும் விசாரிக்கக் கூடாது.